யார் வீட்டுப் பிள்ளை?

“எல்லாப் பையன்களையும் பிடித்து இரண்டு வருஷம் பட்டாளத்தில் போட்டால்தான் இந்த நாடு உருப்படும்” என்று சொல்லுகிற பெரியவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். கல்யாண மண்டபத்தின் முன் வரிசையிலும், ரயிலின் கீழ்ப் படுக்கையிலும், பூங்காவின் சிமெண்டுப் பெஞ்சியிலும் அவர்களைச் சந்திக்கலாம். பையன்களின் தலைமயிரைப் பார்த்து அவர்களுக்கு வயிறு எரிகிறது. கையிலுள்ள செல்போனைப் பார்த்து இன்னும் அதிகமாக எரிகிறது. சிங்கப்பூரைப் பார், இஸ்ரேலைப் பார், தென் கொரியாவைப் பார் என்று உலகப் படத்தையே விரித்துக் காட்டுகிறார்கள்.

அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “யார் வீட்டுப் பிள்ளையை?” பேச்சு சட்டென்று வேறு பக்கம் திரும்பிவிடும். தம் மகனுக்கு அமெரிக்க விசா கிடைக்கவேண்டுமென்று பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்துகொண்டவர்தாம் ஊரார் பிள்ளைக்கு லடாக்கைச் சிபாரிசு செய்கிறார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது பழமொழி. நெய் விஷயத்திலேயே அது வெட்கக்கேடு. உயிர் விஷயத்தில் அதற்கு என்ன பெயர் வைப்பது?

இவர்களுக்கு எதிர்வரிசையில் இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். இவர்கள் அதிகம் பேசமாட்டார்கள். “நம் நாட்டில் கட்டாயம் கிடையாது. விரும்பிப் போகிறார்கள், சம்பளம் வாங்குகிறார்கள். அவரவர் தொழில் அவரவருக்கு” என்று இரண்டு வாக்கியத்தில் கணக்கை முடித்துவிடுவார்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் இந்த வகைதான். முன்னவரைக் காட்டிலும் இவர் நாகரிகமானவர்; அதனாலேயே முன்னவரைவிட ஆபத்தானவர் என்பது என் அபிப்பிராயம்.

முன்னவர் பிறர் பிள்ளையைப் பிடித்து அனுப்பச் சொல்லுகிறார். பின்னவர் பிறர் பிள்ளையைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளச் சொல்லுகிறார். பட்டாளத்துக்கு ஆள் எப்படிச் சேர்ப்பது என்பதில் இவர்களுக்குள் பெரிய சண்டை. ஆனால், ஆள் அனுப்பாதவன் என்ன கொடுக்கவேண்டும் என்று இருவருமே கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதவரை எந்த முறையில் ஆள் எடுத்தாலும் ஒன்றுதான் என்று நான் சொல்லுகிறேன்.

இரண்டு முறைகளையும் கையாண்டு, இரண்டிலும் பெரும் யுத்தங்கள் நடத்தி, கணக்கு வழக்கையும் ஊரறிய வைத்திருக்கிற தேசம் அமெரிக்கா. ஆகவே அந்த வீட்டுக் கதையை முதலில் பார்ப்போம்.

1863-ஆம் வருஷம். அடிமை முறையைப் பற்றி எழுந்த உள்நாட்டு யுத்தம் மூன்றாவது வருஷமாக நடந்துகொண்டிருந்தது. வட பகுதி சர்க்கார் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் எல்லோருக்கும் பொது. ஆனால் 300 டாலர் கட்டினால் விலக்கு. தனக்குப் பதிலாக ஓர் ஆளைப் பிடித்துக் கொடுத்தாலும் விலக்கு. 300 டாலர் என்பது அந்நாளில் ஒரு கூலியாளின் ஏறக்குறைய ஒரு வருஷ வருமானம். பின்னாளில் இருமுறை ஜனாதிபதியான குரோவர் கிளீவ்லாந்து, போலந்திலிருந்து வந்து குடியேறிய ஒருவருக்கு 150 டாலர் கொடுத்துத் தமக்குப் பதிலாக அனுப்பினார். அது சட்ட விரோதமன்று. சட்டமே அதற்குக் கதவு திறந்து வைத்திருந்தது. அந்த ஜூலை மாதத்தில் நியூயார்க் நகரத்து ஏழைகள் கலகத்தில் இறங்கினார்கள். யுத்தம் பணக்காரனுடையது, சாவு மட்டும் ஏழையுடையதா என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் தொடங்கிய கோபம் கறுப்புக் குழந்தைகளின் அனாதை இல்லத்தைக் கொளுத்துவதில் போய் நின்றது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெரியவனுக்கென்று வைத்த கதவில் நுழைய முடியாதவன், தன்னிலும் எளியவன் கூரையில் தீ வைத்தான். அநியாயமான ஆள்சேர்ப்பு ஒரு சமூகத்தை என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நூறு வருஷம் கழித்து வியட்நாம் வந்தது. 300 டாலர் சீட்டு இப்போது இல்லை. அது அநாகரிகம் அல்லவா? அதன் இடத்தில் காலேஜ் வந்தது. காலேஜில் படிக்கிறவனுக்குப் படிப்பு முடியும் வரை ஒத்திவைப்பு. சாதகமாகச் சீட்டு எழுத டாக்டரைப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு வேறு ஒத்திவைப்பு. தேசியக் காவல் படையில் இடம் பிடிக்கச் செல்வாக்கு இருந்தவனுக்கு உள்ளூரிலேயே கவாத்து. யாரை அனுப்புவது, யாரை விடுவது என்று தீர்மானிக்க நாடெங்கும் ஏறக்குறைய 4,000 உள்ளூர்க் குழுக்கள். குழுவில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தந்த ஊர்ப் பெரிய மனிதர்கள். அந்த வருஷங்களில் பட்டாள வயதில் இருந்த ஆண்கள் ஏறக்குறைய 2 கோடியே 70 லட்சம். அவர்களில் கட்டாயமாகப் பிடிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 22 லட்சம். அதாவது பன்னிரண்டு பேரில் ஒருவன். அந்த ஒருவன் யார் என்பதில்தான் சூட்சுமம் எல்லாம்.

டிக் செனி என்ற பெயரை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வியட்நாம் நாட்களில் அவர் ஐந்து முறை ஒத்திவைப்புப் பெற்றார். பிற்பாடு ராணுவ மந்திரியானார். 2003-இல் ஈராக்கின்மீது படையெடுத்தபோது துணை ஜனாதிபதியாக இருந்து அந்த யுத்தத்துக்கு முன்னின்று வாதாடினார். ஐந்து முறை தப்பித்தது அவர் குற்றம் என்று நான் சொல்லவில்லை; சட்டம் கொடுத்த வழியில் போனார். தப்பித்தவரின் கை பிறகு மற்றவர் பிள்ளைகளுக்கு உத்தரவு எழுதும்போது கொஞ்சமாவது நடுங்க வேண்டாமா என்பதுதான் என் கேள்வி.

இன்னொரு பக்கம், ராபர்ட் மக்னமாரா என்ற ராணுவ மந்திரி 1966-இல் ஒரு திட்டம் தொடங்கினார். பட்டாளத்துப் பரீட்சையில் தேறாத, எழுத்து வாசனை குறைந்த பையன்களை, வாழ்க்கையில் முன்னேற்றுகிறோம் என்ற பெயரால் தகுதியைத் தளர்த்திச் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படிச் சேர்க்கப்பட்டார்கள். படிக்கிறவனுக்கு விலக்கு, படிக்க முடியாதவனுக்கு அழைப்பு. ‘கட்டாயம் எல்லோரையும் சமமாக்கும்’ என்கிற நம் பூங்காப் பெரியவர் இந்தத் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

கடைசியில் முணுமுணுப்புத் தாங்காமல் 1969 டிசம்பர் முதல் தேதி சீட்டுக் குலுக்கினார்கள். வருஷத்தின் 366 தேதிகளையும் நீலக் குப்பிகளில் அடைத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் கொட்டி, தொலைக்காட்சியில் ஊரே பார்க்க எடுத்தார்கள். முதலில் வந்த தேதி செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்தவனுக்கு முதல் அழைப்பு. பிறகு கணக்கு நிபுணர்கள் பார்த்தபோது குப்பிகளைச் சரியாகக் கலக்கவில்லை என்று தெரிந்தது. வருஷக் கடைசியில் பிறந்தவர்கள் அதிகமாக அகப்பட்டுக்கொண்டார்கள். குருட்டுச் சீட்டையாவது நம்பலாம் என்றால் அதிலும் கலப்புக் கோளாறு!

இவ்வளவுக்கும் நடுவே, 1967 ஏப்ரல் 28-ஆம் தேதி, முகம்மது அலி என்ற குத்துச்சண்டை வீரர் தம் பெயர் கூப்பிடப்பட்டபோது முன்னே வர மறுத்தார். பட்டம் பறிபோயிற்று, பாதுகாத்து வைக்கவேண்டிய வயதில் மூன்று வருஷத்துக்கு மேல் தொழில் போயிற்று. 1971-இல் சுப்ரீம் கோர்ட்டு அவர்மீதிருந்த தீர்ப்பை ரத்து செய்தது. ஓசையில்லாமல் ஒத்திவைப்பு வாங்கியவர்களை யாரும் கோழை என்று சொல்லவில்லை. எல்லோர் முன்னிலையிலும் நின்று ‘வரமாட்டேன்’ என்று சொல்லி அதற்குரிய விலையையும் கொடுத்தவரைச் சொன்னார்கள்.

அந்த யுத்தத்தில் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர் மாண்டனர். வியட்நாமியர் அதைப்போல் பல மடங்கு. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். கட்டாயம் என்பது இருந்ததால், அந்த யுத்தம் நடுத்தர வர்க்கத்துச் சாப்பாட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தது. ஒத்திவைப்பு தீர்ந்துபோகும் என்ற பயம் இருந்தது. அம்மாமார்கள் பத்திரிகை படித்தார்கள். பையன்கள் தெருவுக்கு வந்தார்கள். சட்டம் நேர்மையற்றதாக இருந்தும், அதன் வலைக்கண்ணில் தன் பிள்ளையும் அகப்படலாம் என்ற பயம் ஒரு தேசத்தின் தூக்கத்தைக் கலைத்தது.

நிக்ஸன் அந்தப் பயத்தை எடுத்துவிட்டார். 1969-இல் ஒரு குழு போட்டார். பொருளாதார நிபுணர் மில்ட்டன் ஃபிரீட்மன் அதில் ஓர் அங்கத்தினர். தளபதி வெஸ்ட்மோர்லண்ட் அந்தக் குழுவின் முன் வந்து, கூலிப்படைக்குத் தலைமை தாங்க எனக்கு விருப்பமில்லை என்ற பொருள்படச் சொன்னாராம். அடிமைப் படைக்குத் தலைமை தாங்குவது மட்டும் விருப்பமா என்று ஃபிரீட்மன் திருப்பிக் கேட்டாராம். ஃபிரீட்மனே பிற்காலத்தில் எழுதிவைத்த கதை இது. 1973-இல் கட்டாயம் முடிந்தது. விரும்பிச் சேருகிறவர்களின் பட்டாளம் வந்தது.

ஃபிரீட்மனின் பதிலில் உண்மை இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஒருவனை அவன் மனத்துக்கு விரோதமாகப் பிடித்து, துப்பாக்கியைக் கொடுத்து, முன்பின் தெரியாத ஒருவனைச் சுடு என்பதைவிடப் பெரிய வற்புறுத்தல் உலகத்தில் இல்லை. ஆனால் கூலியா அடிமையா என்று இருவரும் சாமர்த்தியமாகப் பேசிக்கொண்டார்களே, அந்தப் பேச்சு முழுவதும் சிப்பாயைப் பற்றியது. வீட்டில் இருக்கிறவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யுத்தத்துக்கு ஓட்டுப்போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறவன் அந்த ஏற்பாட்டில் யார்? அவன் எஜமானா, வாடிக்கைக்காரனா?

விடை தெரிய முப்பது வருஷம் ஆயிற்று. 2001 செப்டம்பர் 14-ஆம் தேதி, நியூயார்க் கோபுரங்கள் விழுந்த மூன்றாம் நாள், ஜனாதிபதிக்கு யுத்த அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் வந்தது. பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 420. எதிர்ப்பு ஒன்றே ஒன்று. அந்த ஒன்று பார்பரா லீ என்ற அம்மையாருடையது. மேல் சபையில் எதிர்ப்பே இல்லை. ஆப்கானிஸ்தான் யுத்தம் அந்த அக்டோபரில் தொடங்கி 2021 ஆகஸ்டில் முடிந்தது. இருபது வருஷம்! யுத்தம் தொடங்கியபோது பிறவாத பையன், வளர்ந்து, பட்டாளத்தில் சேர்ந்து, அதே யுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தான். இரண்டாம் உலக யுத்தம் ஆறு வருஷத்தில் முடிந்துவிட்டது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்த இருபது வருஷத்தில் அங்கே ஊர் எப்படி இருந்தது? கடைகள் திறந்திருந்தன, பந்தாட்டம் நடந்தது, ஆட்டத்துக்கு முன் சிப்பாயை மைதானத்தின் நடுவில் நிறுத்திக் கைதட்டினார்கள். பட்டாளத்தில் இருந்தவர்கள் ஜனத்தொகையில் இருநூறு பேருக்கு ஒருவர்கூட இல்லை. அதே ஆட்களையே இரண்டாம் முறை, மூன்றாம் முறை, நான்காம் முறை திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். ஒப்பந்த காலம் முடிந்தும் வீட்டுக்குப் போகவிடாமல் நிறுத்தி வைத்தார்கள். ‘விரும்பிச் சேர்ந்தவன்’ என்ற சொல்லுக்கு அதுவும் ஓர் அர்த்தம். ஆள் போதாததற்குத் தனியார் கம்பெனிகள் ஒப்பந்தக்காரர்களைக் கொண்டுவந்து இறக்கின. அவர்கள் தொகை சிப்பாய்களின் தொகையைத் தாண்டிய வருஷங்கள் உண்டு. யுத்தச் செலவு? யுத்தம் நடக்கும்போதே வருமான வரியைக் குறைத்தார்கள். செலவைக் கடனில் எழுதினார்கள். ஆக, யுத்தத்துக்கு ஓட்டுப்போட்ட பிரஜை மகனையும் கொடுக்கவில்லை, மடியிலிருந்து ஒரு காசும் கொடுக்கவில்லை. கைதட்டலைக் கொடுத்தான். அதுதான் அவன் பங்கு.

1970-களின் தொடக்கத்தில் அந்நாட்டுக் காங்கிரஸ் அங்கத்தினரில் நான்கில் மூன்று பங்கினர் பட்டாளத்தில் இருந்தவர்கள். 2020-களில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைந்துவிட்டது. புதிதாகச் சேருகிறவர்களிலோ பெரும்பாலோருக்கு அப்பாவோ, அண்ணனோ, மாமாவோ ஏற்கெனவே பட்டாளத்துக்காரர். சேருகிறவர்கள் எல்லோரும் பரம ஏழைகள் என்று சொன்னால் அது பொய். நடுத்தரக் குடும்பங்களிலிருந்தும் வருகிறார்கள். ஆனால் சில மாகாணங்கள், சில ஊர்கள், சில குடும்பங்கள் என்று வட்டம் குறுகிவிட்டது. பரம்பரைத் தொழில் என்றால் என்ன, அது கெட்டிப்பட்டு எதுவாக மாறும் என்பதை நமக்கு அமெரிக்கர் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சார்ல்ஸ் ராங்கெல் என்ற பிரதிநிதி இதை உரக்கச் சொன்னார். கொரியப் போரில் காயம்பட்டு மெடல் வாங்கியவர். 2003-இல், ஈராக் யுத்தம் மூளும் தறுவாயில், கட்டாயத்தை மீண்டும் கொண்டுவர ஒரு மசோதா கொடுத்தார். உங்கள் பிள்ளைகளும் போகவேண்டியிருந்தால் இவ்வளவு சுலபமாகக் கை தூக்குவீர்களா என்பதுதான் அதன் உட்பொருள். 2004 அக்டோபரில் அதை ஓட்டுக்கு விட்டார்கள். எதிராக 402, ஆதரவாக 2. யுத்தத்துக்கு 420 கை தூக்கிய அதே சபை, தன் பிள்ளைகளின் பெயர் வந்தபோது 402 கையால் ‘கூடாது’ என்றது. தேர்தல் நேரத்துத் தந்திரத்துக்காக அதை ஓட்டுக்கு விட்டார்கள் என்று கண்டித்து ராங்கெலே எதிர்த்து ஓட்டுப் போட்டார்; அது வேறு கதை. ஆனால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், பின்னர் எழுதும்படி ஒன்றும் மிச்சமில்லை.

“அப்படியானால் கட்டாயம்தானே மருந்து?” என்று பூங்காப் பெரியவர் எழுந்து உட்காருவார். அவர் கட்சிக்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. அவருக்குத் தெரியாமல் இருந்தால் நானே எடுத்துக் கொடுக்கிறேன். 1961 ஏப்ரலில் அல்ஜீரியாவில் நான்கு பிரெஞ்சுத் தளபதிகள் தம் சர்க்காருக்கு எதிராகவே கிளம்பினார்கள். ஜனாதிபதி டிகால் வானொலியில் பேசினார். அங்கே இருந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் கட்டாயத்தில் வந்த சாதாரண வீட்டுப் பையன்கள். கையடக்க டிரான்ஸிஸ்டரில் அந்தப் பேச்சைக் கேட்டார்கள். தளபதிகளின் உத்தரவைக் கேட்கப் பெரும்பாலோர் மறுத்தார்கள். சில நாட்களில் கலகம் பிசுபிசுத்துப் போயிற்று. சீருடைக்குள் இருந்தவன் பிரஜையாகவே இருந்ததால் குடியரசு பிழைத்தது. கட்டாயப் பட்டாளத்துக்கு இதைவிட மேலான நற்சாட்சிப் பத்திரம் கிடையாது.

ஆனால் அந்தப் பையன்கள் அல்ஜீரியாவுக்கு ஏன் போனார்கள் என்று பெரியவர் கேட்கவேண்டும். இன்னொரு ஜனங்களின் விடுதலையை அடக்க, 1954 முதல் 1962 வரை, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டுப் பிள்ளைகளை அதே கட்டாயச் சட்டம்தான் அனுப்பியது. தளபதிகளைத் தடுத்த சட்டம் அந்த யுத்தத்தை எட்டு வருஷம் தடுக்கவில்லை. கட்டாயம் ஒரு சமூகத்துக்குப் பயத்தைக் கொடுக்கும். விவேகத்தையும் கொடுக்கும் என்று நிச்சயமில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

நம் அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவைப் பலர் படித்திருக்கமாட்டார்கள். வெட்டி வேலை வாங்குவதைத் தடை செய்கிற பிரிவு அது. அதிலேயே இரண்டாவது உட்பிரிவில், பொதுக் காரியத்துக்காகக் கட்டாய சேவை விதிக்க அரசாங்கத்துக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அப்படி விதிக்கும்போது மதம், இனம், சாதி, வர்க்கம் என்ற காரணத்தால் மட்டும் பேதம் காட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். வர்க்கம் என்ற சொல்லை அங்கே வைத்தவர்கள் உலகம் தெரிந்தவர்கள். அந்த உரிமையைப் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க இந்தக் குடியரசு உபயோகித்ததில்லை.

உபயோகிக்கவும் முடியாது, கணக்கே இடம் தராது. இங்கே வருஷத்துக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட பையன்கள் பதினெட்டு வயதை எட்டுகிறார்கள். நம் தரைப்படை முழுவதுமே ஏறக்குறைய 12 லட்சம்தான். எல்லோரையும் எடுக்க லாயமும் இல்லை, லாடமும் இல்லை. ஆகவே சிலரைத்தான் எடுக்கவேண்டும். சிலரை எடுப்பது என்று வந்துவிட்டால் தேர்வு வந்துவிட்டது. தேர்வு வந்தால் சிபாரிசுக் கடிதம் வந்துவிட்டது. டாக்டர் சர்டிபிகேட் வந்துவிட்டது. 1967-இல் கட்டாய சேவை கொண்டுவந்த சிங்கப்பூர், அன்று இருபது லட்சம் ஜனங்கள்கூட முழுதாக இல்லாத ஒரு தீவு. அங்கே தமிழ்ப் பையன்களும் சீனப் பையன்களோடு இரண்டு வருஷம் கவாத்துச் செய்கிறார்கள். அந்தச் சட்டையை இந்தத் தேசத்துக்குத் தைத்துப் போட்டால் ஒரு கைகூட நுழையாது. நுழைகிற கை எந்த வீட்டுக் கையாக இருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எனவே நம்முடையது விரும்பிச் சேருகிற பட்டாளம். அப்படியே இருக்கட்டும் என்பதுதான் என் கட்சியும். ஆனால் ‘விரும்பி’ என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டாமா? இரண்டாம் உலக யுத்தத்தில் 25 லட்சம் இந்தியர் விரும்பிச் சேர்ந்தார்கள். உலகத்தின் மிகப் பெரிய தொண்டர் சேனை என்று வெள்ளைக்காரன் பெருமைப்பட்டுக்கொண்டான். இந்தியாவை யுத்தத்தில் சேர்த்துவிட்டேன் என்று 1939 செப்டம்பரில் வைசிராய் அறிவித்தபோது இந்நாட்டுத் தலைவர்கள் ஒருவரையும் அவர் கேட்கவில்லை. அதற்காகத்தான் அக்டோபரில் சென்னையில் ராஜாஜி மந்திரிசபை விலகிற்று. தேசத்தைக் கேளாமல் தொடங்கிய யுத்தத்துக்குத் தேசத்தின் பிள்ளைகள் ‘விரும்பி’ப் போனார்கள்! அவர்களில் எத்தனை பேரைச் சக்கரவர்த்தியின்மீதுள்ள பக்தி அழைத்தது, எத்தனை பேரை வயிறு அழைத்தது?

தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லை என்று ராபர்ட்ஸ் துரையைப் போன்ற தளபதிகள் முத்திரை குத்தி, மதராஸ் காலாட்படையைக் குறைத்துக்கொண்டே வந்து, 1920-களில் கலைத்தும் விட்டார்கள். இரண்டாம் யுத்தத்தில் ஆள் தேவைப்பட்டவுடன் அதே தென்னாட்டான் லாயக்கானவனாகிவிட்டான். வீரப் பரம்பரை, வீரமில்லாப் பரம்பரை என்பதெல்லாம் ஆள் எடுக்கிறவனுடைய தேவைதான் என்பது அப்போதே தெரிந்துபோயிற்று.

2022 ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். அக்னிபத் என்ற திட்டம் வந்தது. நான்கு வருஷ சேவை. நூற்றுக்கு 25 பேர் வரையில்தான் நிரந்தரம். மற்றவர்கள் ஏறக்குறைய 11.7 லட்ச ரூபாயோடு வீட்டுக்குப் போகவேண்டும், அதிலும் பாதி அவர்கள் சம்பளத்திலிருந்தே பிடித்தது, ஓய்வூதியம் கிடையாது. இப்படித்தான் அன்று அறிவித்தார்கள். பீகாரில் ரயில் பெட்டிகள் எரிந்தன. செகந்திராபாத் ஸ்டேஷனில் துப்பாக்கிச் சூடு நடந்து ஓர் உயிர் போயிற்று. ரயிலை எரித்ததை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தப் பையன்கள் என்ன கேட்டார்கள்? பட்டாளத்துக்கு வரமாட்டோம் என்றா சொன்னார்கள்? வருகிறோம், ஆனால் நாலு வருஷத்தில் விரட்டாதே என்றார்கள். விடியற்காலையில் வயல் வரப்பில் ஓடிப் பழகிய பையனுக்குப் பட்டாளம் என்பது தேசபக்திக்கு முன்னால் ஓர் உத்தியோகம், தங்கைக்குக் கல்யாணம், அப்பாவின் கடனுக்கு அடைப்பு. இதில் அவனுக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. அன்று நம் வீட்டுக் கூடங்களில் உட்கார்ந்து, “தேச சேவைக்குப் போகிறவன் பென்ஷன் கேட்கலாமா?” என்று உபதேசம் செய்தவர்கள்தாம் வெட்கப்படவேண்டும். தம் அகவிலைப்படியில் ஒரு சதவீதம் குறைந்தால் கொடி பிடிக்கிறவர்கள் அவர்கள்.

நமக்கும் பட்டாளத்துக்கும் உள்ள உறவுதான் என்ன? ஒளிக்காமல் சொன்னால், பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களுக்கு அது கேன்டீன் உறவு. பக்கத்துத் தெரு ஓய்வுபெற்ற சுபேதாரின் அட்டையில் மலிவு விலையில் ரம்மும் கிடைக்கும், ரெஃப்ரிஜிரேட்டரும் கிடைக்கும். அதற்காக அவருக்கு வணக்கம் வைக்கிறோம். அவர் பிள்ளைக்குப் பெண் கேட்டு வந்தால் மட்டும், “பட்டாளத்து மாப்பிள்ளையா?” என்று ஜாதகத்தை உள்ளே வைத்துவிடுகிறோம். நம் கதைகளையும் சினிமாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் வருகிற மிலிட்டரிக்காரர் யார்? லீவில் வந்து, மீசையை முறுக்கி, ரம் குடித்து, நடக்காத சண்டைகளை நடந்ததாகச் சொல்லிச் சிரிக்க வைக்கும் ஒரு மாமா. பனிமலையில் அவர் விரல் மரத்துப்போனதையும், வருஷத்தில் பத்து மாதம் கடிதத்திலும் போனிலும் குடித்தனம் நடத்திய அவர் மனைவியையும் எழுதியவர்கள் எத்தனை பேர்? அடங்காத பிள்ளையைப் பட்டாளத்தில் போடு என்று சொல்லும் சமூகம், அங்கே இருப்பவர்கள் எல்லோரும் அடங்காத பிள்ளைகள் என்றுதான் மனத்துக்குள் வைத்திருக்கிறது.

2020 ஜூன் 15-ஆம் தேதி இரவு கல்வான் பள்ளத்தாக்கில் துப்பாக்கிப் பிரயோகமே இல்லாமல், கல்லாலும் தடியாலும் நடந்த சண்டையில் நம் சிப்பாய்கள் 20 பேர் மாண்டார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர். அந்த வாரம் எல்லோருடைய செல்போனிலும் அவர் படம் இருந்தது. அடுத்த வாரம் வேறு படம். அந்த எல்லையில் என்ன நடந்தது, எப்படி நடந்தது, இனி என்ன என்று நம்மில் எத்தனை பேர் பிறகு தொடர்ந்து படித்தோம்? படத்தை வைப்பதற்கு ஒரு விநாடி போதும். விஷயத்தைத் தெரிந்துகொள்வதற்கு உழைப்பு வேண்டும். அதைத்தான் நாம் கொடுப்பதில்லை.

வெறுமனே குறை சொல்லிவிட்டுப் போகிறவன் நானல்ல. நான் கேட்பது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அவன் விரும்பினால் போகட்டும். விருப்பம் என்பது நிஜமான விருப்பமாக இருக்க, அவன் ஊரில் அவனுக்கு வேறு வேலையும் இருக்கட்டும். வேறு வழி இருந்தும் வருகிறவன்தான் தொண்டன். அப்படி வந்தவனுக்குச் சம்பளமும் பென்ஷனும் தானமல்ல, கடன்.

கட்டாயப்படுத்தவேண்டியது வீட்டில் இருக்கிற நம்மை. யுத்தம் என்று ஒன்று வந்தால் அன்றே அதற்கென்று ஒரு தனி வரி போடட்டும். கடனில் எழுதி நம் பேரன் தலையில் கட்டவேண்டாம். சம்பளம் வாங்குகிறவன், வியாபாரம் செய்கிறவன், கதை எழுதுகிறவன் எல்லோரும் மாதாமாதம் கட்டட்டும். அந்த வரி வலிக்கவேண்டும். வலித்தால்தான், இந்த யுத்தம் எதற்கு, எப்போது முடியும் என்று கேட்கத் தோன்றும். பார்லிமெண்டில் அதைப் பற்றி விவாதம் நடக்கட்டும். வருஷத்துக்கு ஒரு முறை கணக்கு வைக்கட்டும். தொடர்வதற்கு மறுபடியும் பெயர் சொல்லி ஓட்டுப் போடட்டும். கேள்வி கேட்கிறவனைத் தேசத் துரோகி என்று சொல்லும் வழக்கத்தை நாம் விடவேண்டும். சிப்பாய்க்காகக் கேள்வி கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? சீருடை போட்டவன் கேட்கக்கூடாது என்பது கட்டுப்பாடு. அவன் வாயைக் கட்டிவிட்டு, நாமும் வாயை மூடிக்கொண்டால், அவனுடைய உயிர் யாருடைய பொறுப்பு?

நம் நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு சர்க்கார் பதித்த கல் ஒன்று இன்னும் இருக்கிறது. இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் யுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று அதில் வெட்டியிருக்கும். எண்ணிக்கை இருக்கும்; ஒருவருடைய பெயரும் இருக்காது. அனுப்பியவன் அந்நியன், அவனுக்கு எண்ணிக்கை போதும். இன்று அனுப்புகிறவர்கள் நாம். போனவர்கள் யார், எந்த ஊர், எதற்காகப் போனார்கள், போகாத நாம் அதற்கு என்ன கொடுத்தோம் என்று பெயரும் கணக்குமாகச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரியாதவர்கள் தயவுசெய்து அடுத்தவர் பிள்ளையைப் பற்றி, பிடித்து அனுப்பச் சொல்லியும் பேசவேண்டாம்; கைதட்டி வழியனுப்பவும் வேண்டாம்.